மூச்சிருக்கும்போதே மேலே வா

விளையாட்டு குழந்தைகளுக்கே உரியது என்றும், வயது வந்தவர் அதைத் தொட்டால் அது சோம்பல் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். எண்ணியதோடு நில்லாமல், பிறர் காணாதபடி விளையாடியும் வந்தோம். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் எவ்வாறு அல்லற்பட்டது, பின்னர் எவ்வாறு மீண்டது என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் 1966-ஆம் ஆண்டு பாம்பன் கரையில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிப் பிழைத்தோம். இப்போது மாலை நேரங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கைபேசித் திரையில் மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்போம். தெருவில் போவோர் வருவோர் எல்லாரும் காண்கின்றனர். சென்ற தடைக்காலத்தில் பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர், "என்ன தாத்தா, இந்த வயசுல போய் கேம் விளையாடுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். "ஆமா தம்பி, சின்ன வயசுல தொடங்கினது, இன்னும் விடல" என்றோம். இந்த எளிய விடையைக் கூச்சமின்றிச் சொல்ல நமக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

காத்திருக்கும் கரை

கடற்கரை வாழ்வில் பாதித் தொழில் காத்திருத்தலே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் வடகடல் கொந்தளிக்கும். காற்று அடங்கக் காத்திருக்க வேண்டும். பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாள் என்று முறை வகுத்திருக்கிறார்கள். முறை வரக் காத்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு 2001-ஆம் ஆண்டு முதல் 45 நாள் தடைக்காலம் இருந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை வீட்டிலுள்ளோர் காத்திருக்க வேண்டும். இக்கரையில் பிறந்தவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டே பிறக்கிறார்கள் எனலாம்.

காத்திருக்கும் மனிதர் கை சும்மா இருப்பதில்லை. நம் சிறுவயதில் பெரியவர்கள் வலை பழுதுபார்க்கும் கொட்டகை ஓரத்தில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்கு ஒரு சிப்பி, ஆட்டுக்கு ஒரு கூழாங்கல். பெண்கள் பல்லாங்குழிப் பலகையை எடுத்துக்கொண்டு வாசலில் அமர்வார்கள். ஏழேழாய்ப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து சோழி. சோழிக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்! தாயக்கட்டை உருளும் ஓசை இல்லாத நண்பகலை நாம் கண்டதில்லை. ஆட்டம் எவ்வளவு சுவையாகச் சென்றுகொண்டிருந்தாலும், "படகு வருது" என்று எவரேனும் குரல் கொடுத்துவிட்டால் போதும். காய்கள் போட்டது போட்டபடி கிடக்க, எல்லாரும் கரைக்கு ஓடுவார்கள். யார் வென்றார், யார் தோற்றார் என்று எவரும் கேட்டதில்லை.

அந்நாளில் அதை நாம் பெரிதாகக் கருதவில்லை. இன்று நினைத்துப் பார்க்கையில், நல்ல விளையாட்டின் இலக்கணம் முழுவதும் அதிலேயே அடங்கியிருந்தது என்று தோன்றுகிறது.

பெட்டிக்குள் ஒரு குளிகாரர்

1983-ஆம் ஆண்டு, நமக்குப் பதினேழு வயது. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒருவர், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கடிகாரம் போல மணியும் காட்டும், விளையாட்டும் காட்டும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1980 முதல் வெளியிட்ட 'கேம் அண்ட் வாட்ச்' வகையைச் சேர்ந்தது அது. இதை உருவாக்கியவர் குன்பே யோகோய் என்னும் பொறியாளர். அவர் ஒருநாள் தொடர்வண்டியில் சென்றபோது, எதிரே அமர்ந்திருந்த பயணி ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்தி விளையாடுவதைக் கண்டார் என்றும், அதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்தது என்றும் சொல்வார்கள். கணக்கிடும் கருவிகளில் பயன்பட்டு மலிந்துவிட்ட திரையையே இதற்கும் பயன்படுத்தினார். காத்திருக்கும் ஒரு மனிதரின் கைக்காகப் பிறந்த பொருள், காத்திருக்கும் கரைக்கு வந்து சேர்ந்தது!

மாமா கொண்டுவந்தது 1981-இல் வெளியான 'ஆக்டோபஸ்' என்னும் ஆட்டம். திரையின் மேலே ஒரு படகு. அதிலிருந்து ஒரு குளிகாரர் கடலுக்குள் இறங்குவார். அடியில் மூழ்கிய கப்பலொன்றின் புதையல் கிடக்கும். நடுவில் எட்டுக் கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கும், நாம் பேய்க்கணவாய் என்று சொல்லும் அந்த உயிர். அதன் கால் படாமல் புதையலை அள்ளிப் பையில் இட வேண்டும். எத்தனை முறை அள்ளுகிறோமோ அத்தனை புள்ளி. பையோடு படகுக்குத் திரும்பினால் கூடுதல் புள்ளி. மூன்று முறை அகப்பட்டால் ஆட்டம் முடிந்தது.

நம் தந்தையார் இளமையில் சங்கு குளித்தவர். இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று சங்கு அள்ளி வந்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961-இல் நடந்த முத்துக்குளிப்பையும் அவர் கதை கதையாகச் சொல்வார். பின்னர் காது கேளாமற் போகவே, குளிப்பதை விட்டுச் சிறிய வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனார். அத்தகையவர் வீட்டில்தான் அந்தப் பெட்டிக் குளிகாரர் வந்து குடியேறினார்.

நாம் அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. உண்ணும்போதும் கையில், உறங்கும்போதும் தலையணைக்கு அடியில். ஒருநாள் விடியற்காலை தந்தையார் தனியாகக் கடலுக்குப் போய்த் திரும்பினார். அலை சற்று மிகுந்திருந்தது. வள்ளத்தைக் கரையேற்ற ஒரு கை வேண்டும். "தம்பி, வாடா" என்று கரையிலிருந்து அழைத்தார். நாம் அதுவரை எட்டியிராத புள்ளியை எட்டிக்கொண்டிருந்தோம். "இதோ வந்துட்டேன்ப்பா" என்றோம், எழவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடி "இதோ" என்றோம். மூன்றாவது முறை அழைப்பு வரவில்லை. அலையில் புரண்ட வள்ளத்தின் விளிம்பு அவர் முழங்காலில் மோதியிருந்தது. அக்கம்பக்கத்தார் தூக்கிவந்து திண்ணையில் கிடத்தினார்கள். ஆறு வாரங்கள் கடலுக்குப் போகவில்லை. அந்த ஆறு வாரமும் வீட்டில் அடுப்பெரிந்தது கடனால்.

தாயார் அந்தப் பெட்டியைக் கடலில் எறிந்துவிட்டு வரும்படி சொன்னார். நாமும் எழுந்தோம். தந்தையார் கையை நீட்டி, "இங்க கொண்டா, பாப்போம்" என்றார். காலை நீட்டிக்கொண்டு மூன்று நாள் விளையாடினார். முதல்நாள் மூன்று குளிகாரர்களும் நொடிக்குள் அகப்பட்டார்கள். மூன்றாம் நாள் நன்றாகவே தேறிவிட்டார். பின்னர் அதை நம்மிடம் திருப்பிக் கொடுத்துச் சொன்னார்:

"இந்தக் குளிகாரனுக்கு ஆசை இருக்கு, மூச்சு தெரியல. நாங்க கீழ போகும்போது சங்கு கிடந்துகிட்டே இருக்கும். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு அள்ளத் தோணும். மூச்சு முடிஞ்சபெறகு மேல வரலாம்னு நெனச்சவன் எவனும் வரல. மூச்சு இருக்கும்போதே மேல வர்றவன்தான் குளிகாரன். விளையாடு, வேண்டாங்கல. ஆனா என் கண்ணு முன்னால விளையாடு. நான் கூப்பிட்டா, எங்க இருந்தாலும் போட்டுட்டு வா."

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. நாம் விளையாடும்போது புள்ளி ஏறுகிற வேளை பார்த்து வேண்டுமென்றே அழைப்பார். "தம்பி, தண்ணி கொண்டா." நாம் எழுந்து போவோம். திரும்பி வந்தால் மூன்று குளிகாரர்களும் மாண்டிருப்பார்கள். தந்தையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். முதலில் எரிச்சல் வந்தது. நாளடைவில் நமக்கும் சிரிப்பு வந்தது. தோற்றால் ஒன்றும் ஆகிவிடாது என்பதை அந்தக் கோடையில்தான் கற்றுக்கொண்டோம்.

ஒளித்து வைத்த ஆட்டம்

தந்தையார் 1996-இல் மறைந்தார். அந்தப் பெட்டியை அவர் வைத்திருந்த ஒரு வலம்புரியல்லாத சாதாரணச் சங்கோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அதோடு அவர் சொன்ன சொல்லையும் பூட்டிவிட்டோம் என்றே சொல்ல வேண்டும்.

விளையாட்டை நாம் விட்டுவிடவில்லை. மாஸ்கோவில் அறிவியல் கழகத்தின் கணிப்பொறி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984-இல் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டம், 1990-களில் மலிவான கைப்பெட்டிகளில் 'பிரிக் கேம்' என்ற பெயரோடு நம் ஊர்த் திருவிழாக் கடைகளுக்கு வந்தது. குழந்தைகளுக்கு என்று சொல்லி ஒன்று வாங்கினோம். அதிகம் ஆடியவர் நாமே. கம்பெனிக்குக் கணிப்பொறி வந்தபோது அதில் சீட்டு அடுக்கும் ஆட்டம் இருந்தது. 1990 முதல் விண்டோஸில் அது இடம்பெற்றிருந்தது. படகுகள் வராத நடுப்பகலில் அதை ஆடினோம். முதலாளியின் காலடி ஓசை கேட்டதும் கணக்குப் பக்கத்தைத் திறந்துகொள்வோம். பிறகு கைபேசி வந்தது. பின்லாந்துப் பொறியாளர் தனேலி அர்மன்தோ 1997-இல் நோக்கியா கைபேசிக்காக எழுதிய பாம்பு ஆட்டத்தை, அதன் பின்வந்த எளிய கைபேசிகளில் ஆடாதவர் அந்நாளில் யார்? ஐஸ் பார்களை எண்ணிக்கொண்டே ஒரு கண்ணால் பாம்பையும் பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு. 2012-க்குப் பின் மிட்டாய்களை வரிசைப்படுத்தும் 'கேண்டி கிரஷ்' வந்தது, அதையும் விடவில்லை.

இவை எல்லாம் சிற்றாட்டங்கள். இவற்றில் வீரர் பட்டம் இல்லை. கற்றுக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பெரிய ஆட்டங்களை ஆடும் இளைஞர்கள் இவற்றை ஆட்டம் என்றே ஒப்புவதில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் மனம் இளைப்பாற இவை போதுமானவை. இவற்றை ஆடியதில் குற்றமில்லை. ஒளித்து ஆடியதே குற்றம்.

பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும், "தந்தை என்றால் கண்டிப்பாக இருக்க வேண்டும்" என்ற எண்ணம் நம்மைப் பற்றிக்கொண்டது. "விளையாடாதே, படி" என்று நாளொன்றுக்குப் பத்து முறை சொல்வோம். அவர்கள் உறங்கியபின் போர்வைக்குள் திரையின் ஒளியை மறைத்துக்கொண்டு விளையாடுவோம். மனைவி கண்டால் செய்தி பார்ப்பதாகச் சொல்வோம். கேண்டி கிரஷில் ஐந்து உயிர் தருவார்கள். தீர்ந்துவிட்டால் ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்து வாங்கலாம். காத்திருத்தலையே தொழிலாகக் கொண்ட கரையில் பிறந்த நாம், ஓரிரவு அந்த அரை மணியைக் காத்திருக்க மனமின்றிச் சிறு தொகை கொடுத்து உயிர் வாங்கினோம். தொகை சிறிதுதான். ஆனால் அதை மனைவியிடம் சொல்லவில்லை. தந்தையார் இருந்திருந்தால், மூச்சு முடிந்தபின்னும் கடலடியில் நிற்கிறாய் என்று சொல்லியிருப்பார்.

மகனின் கேள்வி

நம் மூத்த மகன் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணி செய்தான். 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள் இரவு அறிவிப்பின்றி ஊருக்கு வந்தான். மருமகளும் பேத்தியும் உடன் வரவில்லை. உண்ணவில்லை, உறங்கவில்லை. விடியற்காலை கரையில் போய் அமர்ந்திருந்தான். நாம் அருகில் போய் அமர்ந்தபோது, கடலைப் பார்த்தபடியே சொன்னான்: கைபேசியில் பணம் வைத்து ஆடும் ரம்மியில் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது, அதில் பாதி கடன், மருமகளின் சங்கிலி அடகில் இருக்கிறது.

அக்காலத்துச் செய்தித்தாள்களைப் படித்தவர்களுக்கு இதன் பின்னணி நினைவிருக்கும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அதன்பின் பணத்தை இழந்தோர், உயிரையே மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் அடிக்கடி வந்தன. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் 2022-இல் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றம் புதிய சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில்தான் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. இந்த இடைக்காலத்தில் அகப்பட்டவர்களுள் நம் மகனும் ஒருவன்.

நமக்குக் கோபம் பொங்கியது. "ஆரம்பத்திலேயே ஏன் எங்கிட்ட சொல்லல? பத்தாயிரம் போனப்பவே சொல்லியிருக்கலாமே" என்றோம். அவன் முதன்முறையாக நம் முகத்தைப் பார்த்தான்.

"எப்படிப்பா சொல்றது? நீங்க வாழ்க்கையில ஒரு நாளாவது விளையாடி நாங்க பார்த்திருக்கோமா? விளையாட்டே தப்புன்னு சொன்னவங்க நீங்க. அதுல பணத்தையும் விட்டுட்டேன்னு உங்க முன்னால வந்து எப்படி நிக்கிறது?"

அந்த நேரத்தில் நம் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. முந்திய இரவு பாதியில் நிறுத்திய ஆட்டம் அதில் அப்படியே இருந்தது. கடற்காற்று முகத்தில் அடித்தது. நமக்கு விடை வரவில்லை.

மகன் பணத்தை இழந்ததற்கு நாம் ஒளித்து ஆடியதே காரணம் என்று சொல்லமாட்டோம். அவன் செய்தது அவன் செய்ததே. ஆனால் ஒரு மனிதன் கடலடியில் மூச்சு முட்டும்போது இழுத்துக் காட்ட ஒரு கயிறு வேண்டும். மேலே அதைப் பிடித்திருக்க ஒருவர் வேண்டும். நம் தந்தையார் நமக்கு அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தார். நாமோ நம் மகனுக்கு அதைப் பிடிக்கவில்லை. அவன் இழுத்தான், மேலே யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டான்.

அன்று பகல் தகரப் பெட்டியைத் திறந்தோம். சங்கும் அந்தக் கைப்பெட்டியும் வெளியே வந்தன. மகனிடம் எல்லாவற்றையும் சொன்னோம்: முழங்காலில் மோதிய வள்ளம், ஆறு வாரக் கடன், போர்வைக்குள் ஒளிந்த திரை, பணம் கொடுத்து வாங்கிய உயிர், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "செய்தி பாக்குறேன்னு சொன்னதெல்லாம் இதுதானா?" என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டிருந்த மகன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். பல நாட்களுக்குப் பின் அவன் சிரித்த சிரிப்பு அது.

கடனை அடைக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. நாம் ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதி போயிற்று. மீதியை அவன் மாதந்தோறும் தன் சம்பளத்தில் கட்டினான். மருமகள் திரும்பி வர ஐந்து மாதங்கள் ஆயின. சங்கிலி அதற்கும் பின்னால்தான் மீண்டது. இவை எளிதாக முடிந்துவிட்டன என்று எவரும் எண்ண வேண்டாம்.

விளையாட்டும் சூதும்

"அப்படியானால் விளையாட்டையே வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்டனர். நாம் அவ்வாறு செய்யவில்லை. விளையாட்டு வேறு, சூது வேறு. திருவள்ளுவர் 94-ஆம் அதிகாரம் முழுவதையும் சூதைக் கண்டிக்கவே ஒதுக்கினார். விளையாட்டைக் கண்டித்து அவர் ஓர் அதிகாரம் எழுதவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டைக் காண்கிறது. போட்டி விளையாட்டு, பொழுதுபோக்கு விளையாட்டு, பணம் வைத்து ஆடும் விளையாட்டு என்று மூவகையாகப் பிரித்து, மூன்றாவதைத் திறமையா தற்செயலா என்று பாராமல் அது தடைசெய்கிறது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? ஆடுபுலியில் தோற்றவர் சிரித்துக்கொண்டு எழுவார். அவர் இழந்தது ஒரு கூழாங்கல். பணம் வைத்துத் தோற்றவரால் எழ இயலாது. இழந்ததை மீட்டே ஆகவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்து இருத்திவிடுகிறது. "படகு வருது" என்ற குரல் அவர் காதில் விழாது. வெல்பவரையும் அது விடுவதில்லை. பெட்டியிலிருந்த எட்டுக்கால் உயிருக்காவது ஒரு கணம் காலை மடக்கும் இயல்பு உண்டு. சூதுக்கு அதுவும் இல்லை.

பணம் வைக்காத ஆட்டத்திலும் ஆபத்து இல்லாமலில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தல், தீமை விளைந்த பின்னும் தொடர்தல் ஆகிய இவை பொதுவாக ஓராண்டளவு நீடித்து வாழ்வைக் குலைத்தால் அது நோய் என்கிறார்கள். அன்றாடம் சிறிது நேரம் ஆடுவோரை அது நோயாளி என்று சொல்லவில்லை. 'தொடர்தல்' என்னும் சொல்லைப் படித்தபோது, "இதோ வந்துட்டேன்ப்பா" என்று இருமுறை சொல்லிவிட்டு எழாமலிருந்த அந்த விடியற்காலை நம் நினைவுக்கு வந்தது.

திருச்சபையின் பெரும் அறிஞர் புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். உழைத்த உடலுக்கு உறக்கம் போல உழைத்த மனத்துக்கு விளையாட்டு இளைப்பாறுதல் என்றும், அதிலும் அளவு வேண்டும் என்றும், அறவே விளையாடாமல் பிறருக்கும் சுமையாக இருப்பதும் ஒரு குறையே என்றும் அவர் கருதினார். எந்நேரமும் நாணேற்றி வைத்த வில் முறிந்துபோகும் என்னும் பழங்கதையையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். இதை முன்னரே அறிந்திருந்தால், "விளையாடாதே" என்று பத்து முறை சொன்ன வாயால், "வா, சேர்ந்து ஆடுவோம்" என்று ஒருமுறையேனும் சொல்லியிருப்போம்.

திண்ணைக்கு வந்த ஆட்டம்

இன்று நம் வீட்டில் விளையாட்டு திண்ணைக்கு வந்துவிட்டது. ஒழுங்குகள் சிலவே. பணம் கேட்கும் ஆட்டம் எதுவும் வேண்டாம். அறைக்குள், போர்வைக்குள் வேண்டாம். எல்லாரும் காணும் இடத்தில் ஆடலாம். யார் அழைத்தாலும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், அப்படியே வைத்துவிட்டு எழ வேண்டும். இவ்வொழுங்கு பேத்திக்கு மட்டுமன்று, தாத்தாவுக்கும் உண்டு. உயிர் தீர்ந்துவிட்டால், அன்றைக்கு எழுந்திருக்கச் சொல்லும் அழைப்பாகவே அதை எடுத்துக்கொள்கிறோம்.

2020-இல் ஊரடங்கின்போது நாடெங்கும் பலர் கைபேசியில் லூடோ ஆடினார்கள். அந்த லூடோ இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து போனது. நம் தாயத்துக்கு உறவுமுறை. இப்போது விடுமுறைக்கு மகன் வரும்போதெல்லாம் நால்வரும் அதை ஆடுகிறோம். மனைவியே பெரும்பாலும் வெல்கிறார். கைபேசி வேண்டாம் என்று தோன்றும் நாளில் அவர் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வருகிறார். மகன் இன்றும் தனியாகக் கைபேசியைத் தொட அஞ்சுகிறான். அந்த அச்சம் நல்லதே என்று விட்டுவிட்டோம். ஆனால் நம்மோடு அமர்ந்து தாயம் உருட்டுகையில் அவன் சிரிக்கிறான். மாதம் ஒருமுறை தன் கணக்கு முழுவதையும் கேளாமலே நமக்குக் காட்டுகிறான். நாமும் நம் கைபேசியைக் கேளாமலே மனைவியிடம் கொடுக்கிறோம்.

வாழ்நாள் முழுவதும் ஆடியும் நாம் எந்த ஆட்டத்திலும் பெரிய வீரராகவில்லை. இனி ஆகவும் போவதில்லை. கண்ணும் விரலும் முன்போல் இல்லை. கட்டைகள் விழும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலுவதில்லை. அதில் வருத்தமில்லை. பத்து நிமிடம் மனம் இளைப்பாறுகிறது, அது போதும்.

பழைய கைப்பெட்டிக்குப் பொத்தான் மின்கலம் வாங்கிப் போட்டோம். நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் அது உயிர்பெற்று மணி காட்டியது! எட்டு வயதுப் பேத்தி இப்போது அந்தக் குளிகாரரைக் கடலில் இறக்குகிறாள். அவள் பாட்டனாரின் தந்தை உண்மையாகவே இப்படிக் குளித்தவர் என்று சொல்லி, சங்கைக் கையில் கொடுத்தோம். காதில் வைத்துக் கேட்டாள்.

சென்ற தடைக்காலம் முடிந்து முதற்படகுகள் திரும்பிய மாலை, அவள் திண்ணையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அதுவரை எட்டாத புள்ளி. குளிகாரரின் பை நிறைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பாட்டி சாப்பிட அழைத்தார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பேத்தி பெட்டியை அப்படியே திண்ணையில் வைத்தாள். குளிகாரர்கள் ஒவ்வொருவராக அகப்படும் ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க தாத்தா" என்று கையை நீட்டினாள். நாமும் நம் ஆட்டத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தோம்.